தீப்பெட்டிக்கு அடுத்த வண்டி

கம்பெனியின் வண்டிப் பிரிவு மேடம் போன் செய்தபோது சுண்டு ஓர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் மல்லாந்து படுத்திருந்தாள். தலைக்கு மேலே ரத்தம் பரிசோதிக்கும் இயந்திரத்தின் வயிறு திறந்து கிடந்தது. வாயில் டார்ச், கையில் கழற்றிய குழாய். இயந்திரம் நின்றுபோனால் மாடியில் டாக்டர்கள் கத்துவார்கள், கீழே பரிசோதனைக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள், இவள் வந்துதான் உயிர் கொடுக்க வேண்டும். இருபத்தைந்து வருடமாக இதே பிழைப்பு. போனை நெஞ்சின் மேல் வைத்து ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"மேடம், உங்க வண்டியோட லீஸ் இந்த மாசத்தோட முடியுது. அடுத்தது எதுன்னு சொல்லிட்டீங்கன்னா ஆர்டர் போட்டுருவேன்."

சுண்டு வாயிலிருந்து டார்ச்சை எடுத்தாள். "இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்க முடியாதா?"

"போன வருஷமே உங்களுக்காகச் சண்டை போட்டுத்தான் நீட்டிச்சேன். இனிமே தலைகீழா நின்னாலும் முடியாது. மூணு வண்டி இருக்கு. ஒண்ணு உயரமான எலெக்ட்ரிக். ஒண்ணு நீளமா, பாதி பெட்ரோல் பாதி பேட்டரி. மூணாவது உங்க வண்டியோட புது மாடல்தான், ஆனா ஆட்டோமேட்டிக். கியர் போடுற வண்டி கம்பெனியில இனிமே கிடையாது."

"கிடையவே கிடையாதா?"

"உங்களுதுதான் கடைசி வண்டி மேடம். மத்தவங்க எல்லாம் எப்பவோ மாறிட்டாங்க."

சுண்டு குழாயை மாட்டி, மூடியைத் திருகி, தரையில் கையை ஊன்றி எழுந்தாள். எழும்போது இடுப்புக்கு மேலே ஒரு நரம்பு சுண்டி இழுத்தது. அதை வழக்கம்போல் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இயந்திரம் விர்ரென்று ஓட ஆரம்பித்ததும் பரிசோதனைக்காரர்கள் கை தட்டினார்கள். அவளுக்கு அன்றைக்கு அந்தக் கைதட்டல் உறைக்கவில்லை.

சுண்டு என்பது அவள் பெயரல்ல. சின்ன வயதில் அண்ணன் சுண்டெலி என்று கூப்பிட ஆரம்பித்து, அது தேய்ந்து சுண்டு ஆகி, ஐம்பத்திரண்டு வயதிலும் வீட்டில் எல்லார் வாயிலும் அதுவே நின்றுவிட்டது. வண்டிக்குத் தீப்பெட்டி என்று பெயர் வைத்ததும் அதே அண்ணன்தான். பெயர் வைப்பதில் அவனுக்குக் கை ராசி உண்டு.

அந்த வண்டி வந்த கதை இப்படி. பதவி உயர்வு கிடைத்தபோது, கம்பெனி கொடுத்த பட்டியலில் சாம்பல் நிற வண்டிகளாகப் பத்துப் பன்னிரண்டு இருந்தன. கடைசியில், யாரும் கண்ணெடுத்துப் பார்க்காத இடத்தில், ஒரு குட்டி வண்டி இருந்தது. பக்கத்துக்கு ஒரே கதவு, பின்னால் டிக்கிக் கதவு. முகம் சாது. ஆனால் உள்ளே தன் உடம்புக்குப் பொருந்தாத பெரிய இன்ஜின். செங்கல்லும் நெருப்பும் கலந்த நிறம். சுண்டு அதில்தான் விரலை வைத்தாள். ஏன் என்று கேட்டவர்களிடம், உதிரிபாகம் வைக்க டிக்கி சௌகரியமாக இருக்கிறது என்று ஒரு பச்சைப் பொய்யைச் சொன்னாள்.

அவள் கணவர் கல்லூரியில் பூச்சிகளைப் பற்றிப் பாடம் நடத்துபவர். ஆறு கால் உள்ள எதையும் அடையாளம் சொல்லுவார். நாலு சக்கரம் உள்ளவை எல்லாம் அவருக்கு ஒன்றுதான். வண்டியைச் சுற்றி வந்து, "பின்னாடி யாரு உட்காருவாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"யாரும் உட்கார வேண்டாம்" என்றாள் சுண்டு.

அண்ணன் வந்ததுதான் வேடிக்கை. அவன் பல் டாக்டர். கிளினிக்கில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றான். யாரோ ஒரு நோயாளி வாயைத் திறந்தபடி காத்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. சாவியை வாங்கிக்கொண்டு தெருமுனை தாண்டிப் போனவன் திரும்பி வந்தபோது, முப்பது வருடத்தை வழியில் எங்கேயோ இறக்கிவிட்டு வந்தவன்போல இருந்தான்.

"இது வண்டியில்ல சுண்டு. தீப்பெட்டி. உரசினா போதும்."

அப்புறம் அந்தத் தீப்பெட்டி எத்தனை ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததோ தெரியாது. மழையில், விடியலில், லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நெடுஞ்சாலையில், அதன் உறுமல் அவளுக்குப் பேச்சுத் துணை. மகளின் மூட்டை முடிச்சை எல்லாம் அமுக்கித் திணித்து விடுதியில் கொண்டுபோய் விட்டது அதில்தான். திரும்பி வரும்போது யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் வழியெல்லாம் அழுததும் அதில்தான்.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது அதற்கு அடுத்த வருடம். உயிருக்கு ஒன்றுமில்லை, பேச்சும் பிழைத்துக்கொண்டது, கைகளும் தப்பின. வலது கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்துவிட்டது. ஓட்டுநர் உரிமத்தை அவனே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, வீட்டு வாசலில் நின்ற தன் வண்டியை விற்றுவிட்டு, ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தான். அதுவரை வாய் மூடாமல் பேசிக்கொண்டிருந்தவன் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை என்று அளந்து பேச ஆரம்பித்தான். அண்ணி வாயைத் திறந்தால் எரிந்து விழுந்தான்.

சனிக்கிழமை தோறும் அவனைக் கால் பயிற்சிக்கு அழைத்துப் போகும் வேலையைச் சுண்டு எடுத்துக்கொண்டாள். பயிற்சி நிலையம் ஊருக்கு வெளியே ஒரு மேட்டின் மேல் இருந்தது. முதல் சில வாரங்கள் போகும்போதும் வரும்போதும் அவன் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தான். ஒரு நாள் மேடு ஏறும்போது முன்னால் ஒரு தண்ணீர் லாரி திணறிக்கொண்டு போனது. சுண்டு ஏதோ யோசனையில் கியரைக் குறைக்க மறந்துவிட்டாள். வண்டி இருமியது. அவள் கிளட்சை மிதித்தாள். கை கியருக்குப் போவதற்குள் அங்கே இன்னொரு கை இருந்தது. அண்ணன் ஜன்னலைப் பார்த்தபடியேதான் இருந்தான். அவன் கை மட்டும் வந்து, இரண்டாவது கியரை வழுக்கிக்கொண்டு போட்டது.

வண்டி உறுமிக்கொண்டு லாரியைத் தாண்டியது. அண்ணன் சிரித்தான். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவன் சிரித்து அவள் பார்த்தது அப்போதுதான்.

"இன்னும் மறக்கல பாரு" என்றான்.

எதை மறக்கவில்லை என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. அப்பா பள்ளிக்கூட ஆய்வாளர். அவர் வந்தால் தலைமையாசிரியர்களுக்கே வியர்க்கும். வெள்ளை வெளேரென்று ஒரு பழைய கார் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுப் படுத்தால் ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும், அவர் குறட்டை அதற்குத் தாளம் போடும். அந்த நேரத்தில் அண்ணனும் அவளும் வண்டியை நியூட்ரலில் போட்டு, மூச்சுக்கூட விடாமல் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். தெரு சரிவாக இறங்கும். அடியில் போய்த்தான் இன்ஜினை எழுப்புவார்கள். அதற்கப்பால் செங்கல் சூளை வரைக்கும் நேர் மண் ரோடு, ஆள் நடமாட்டம் கிடையாது.

அண்ணனுக்குப் பதினெட்டு, அவளுக்குப் பதின்மூன்று. தானும் ஓட்டுவேன் என்று அவள் பிடித்த பிடியில், அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டிய மிரட்டலில், அவன் ஒரு சமாதானத்துக்கு வந்தான். ஸ்டீயரிங்கும் கிளட்சும் அவன் பங்கு, கியர் அவள் பங்கு. முதலில் கியர்ப் பெட்டி கடகடவென்று பல்லைக் கடித்தது. போகப் போக, அவன் கால் அசைவதைப் பார்த்தே அவள் கை போகும். "ரெண்டு", "மூணு" என்று சொல்லவே தேவையில்லை என்றாயிற்று.

இப்போது பங்கு மாறிப்போயிற்று, அவ்வளவுதான். கால் அவளுடையது, கை அவனுடையது. அன்றிலிருந்து சனிக்கிழமை என்றால் தீப்பெட்டியை இரண்டு பேரும் சேர்ந்துதான் ஓட்டினார்கள். போலீஸ்காரர் யாராவது பார்த்தால் என்ன சொல்வது என்று அண்ணன் ஒரு பதில் தயாராக வைத்திருந்தான். "என் தங்கச்சிக்குக் கை சுளுக்கு சார், எனக்குக் கால் சுளுக்கு, ரெண்டு பேரையும் கூட்டினா ஒரு டிரைவர்." நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

ஏறுவதும் இறங்குவதும்தான் பாடு. தீப்பெட்டியின் சீட் தரையோடு தரையாக, கிண்ணம் மாதிரி குழிந்து இருக்கும். விழுவது சுலபம், எழுவது கஷ்டம். அவன் காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, சுண்டு குனிந்து, அவன் இரு கைகளையும் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, முதுகைச் சேர்த்துப் பிடித்துத் தூக்குவாள். இரண்டு பேரும் தள்ளாடி, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, சிரித்து, அப்புறம் நேராக நிற்பார்கள். அவன் சட்டையிலிருந்து கிளினிக்கின் கிராம்புத் தைல வாசனை இன்னும் முழுதாகப் போயிருக்காது. கட்டிப்பிடிக்கும் பழக்கமே இல்லாத குடும்பம் அது. அம்மா இறந்த அன்றைக்குக்கூட இவர்கள் சுவர் ஓரமாகத் தள்ளித் தள்ளித்தான் நின்றார்கள்.

ஆக, மேடம் போன் செய்த மறுநாளே சுண்டு அளவு டேப்பை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனாள். உயரமான எலெக்ட்ரிக் வண்டியின் கதவைத் திறந்து, தரையிலிருந்து சீட் வரை அளந்தாள். அண்ணன் வீட்டு ஜன்னல் ஓரத்து நாற்காலியின் உயரமும் அதுவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. ஷோரூம்காரர் வழுக்கைத் தலையும் பளபளப்பான ஷூவுமாக, எதற்கெடுத்தாலும் "தாராளமா" என்று சொல்பவர். யாருக்காக அளக்கிறாள் என்று கேட்டார். அவளும் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

அதுதான் வினையாக வந்து விடிந்தது. அந்தச் சனிக்கிழமை மேட்டில் பாதி ஏறியிருக்கும்போது போன் வந்தது. வண்டி ஸ்பீக்கரில் ஷோரூம்காரரின் குரல் கணீரென்று ஒலித்தது.

"மேடம், நீங்க சீட் உயரம் அளந்துட்டுப் போனீங்கல்ல? மேல பிடிச்சுக்க ஒரு கைப்பிடியும் போட்டுத் தரலாம். நோயாளிங்களுக்கு ரொம்ப சௌகரியம். உங்க அண்ணனை அப்படியே ஸ்டூல்ல உட்கார வைக்கிற மாதிரி உட்கார வெச்சிரலாம், தாராளமா!"

சுண்டு அவசரமாக போனை அணைத்தாள். அணைத்து என்ன பயன்? அண்ணனின் கை கியரிலிருந்து எடுபட்டு மடியில் போய் உட்கார்ந்தது.

"என்னை அளந்தியா?"

"உன்னை இல்லண்ணா, சீட்டை."

"நோயாளி சீட்டு."

"அந்த ஆள் சொன்னதுக்கு நான் என்ன பண்றது?"

"நீ சொல்லாம அவனுக்கு எப்படித் தெரியும்?" மேட்டின் உச்சி வரை கியரை அவளே மாற்றினாள். பயிற்சி நிலைய வாசலில் சுண்டு குனிந்து கையை நீட்டியபோது சொன்னான்: "நாலஞ்சு வருஷம் ஓட்டப் போற வண்டி. உனக்குப் பிடிச்சது எதுன்னு எனக்குத் தெரியும். என் காலுக்காக நீ அந்தப் பீரோ மாதிரி வண்டிய எடுத்தேன்னா, நான் அதுல ஏற மாட்டேன். டாக்ஸில போய்க்கிறேன். சொல்லிட்டேன்."

சொன்னதைச் செய்கிற பிடிவாதம் அந்தக் குடும்பத்துச் சொத்து. அடுத்த சனிக்கிழமை காலையில் அண்ணி போன் செய்தாள். "டாக்ஸி வரச் சொல்லிட்டாரு சுண்டு. நான் என்ன சொல்லியும் கேக்கல. முகத்தைத் தூக்கி வெச்சிட்டு உட்கார்ந்திருக்காரு."

சுண்டுவுக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஏற மாட்டானாமே, சரி, எனக்குப் பிடிச்சதையே எடுக்கிறேன் என்று நேராக ஷோரூமுக்குப் போய், தீப்பெட்டியின் புது மாடலை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். ஷோரூம்காரர் தாராளமாகச் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

வண்டியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மிதித்தால் அம்பாகப் பாய்ந்தது. கியர் தானாக மாறியது, அதுவும் அவள் மாற்றுவதைவிடச் சுத்தமாக. நெடுஞ்சாலையில் ஏறி, அண்ணனுக்குக் காட்டுவதற்காகவே ஓட்டுகிறவள்போல நாலைந்து வண்டிகளைத் தாண்டினாள். பக்கத்தில் ஷோரூம்காரர் சீட் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "தாராளமா... தாராளமா..." என்று முனகினார். ஒரு வளைவில் அவள் இடது கால் தன்பாட்டுக்குப் போய் இல்லாத கிளட்சைத் தேடியது. அங்கே வெறும் தரைவிரிப்புதான் இருந்தது.

திரும்பி வந்து நிறுத்தினாள். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள். அவ்வளவுதான். இடுப்பு பிடித்துக்கொண்டது. அசைந்தால் உயிர் போகிற வலி. உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் வர முடியவில்லை. ஷோரூம்காரர் ஓடிவந்து கையை நீட்டினார். அது போதவில்லை. வாசலில் கார் துடைத்துக்கொண்டிருந்த பெண்மணி ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "கையைக் கழுத்துல போடுங்கம்மா" என்று சொல்லி, குனிந்து, அவளைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

சுண்டு வண்டியின் கூரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் அசடு வழிந்தது. பிறகு சிரிப்பு வந்தது. கடைசியில் வந்ததுதான் உண்மை. இந்த இடுப்பு இன்றைக்கு நேற்றுப் பிடித்ததல்ல. ஒரு வருடமாகவே ஒவ்வோர் ஆஸ்பத்திரி வாசலிலும், யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கதவைப் பிடித்துத் தொங்கித்தான் இறங்கிக்கொண்டிருந்தாள். ராத்திரி வெந்நீர்ப் பையை முதுகுக்கு வைத்துக்கொண்டு, கணவரிடம் குளிர் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அளவு டேப்பை எடுத்துக்கொண்டு போனபோது அண்ணனுக்காகத்தான் போகிறேன் என்று தன்னையே நம்பவைத்தும் விட்டாள்.

அன்று மத்தியானமே அண்ணன் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த அண்ணி கண்ணால் ஜன்னல் பக்கம் காட்டினாள். அண்ணன் தினசரியை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டான். சுண்டு எதிர் நாற்காலியில், ஐயோ அம்மா என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தாள். முனகலைக் கேட்டுத் தினசரி கொஞ்சம் இறங்கியது.

"என்ன ஆச்சு?"

"புது மாடலை ஓட்டிப் பார்க்கப் போனேன்."

"எப்படி இருக்கு?" கோபத்தை மீறி ஆர்வம் எட்டிப் பார்த்தது.

"பறக்குது. ஆனா இறங்க முடியல. கார் துடைக்கிற அம்மா வந்து தூக்கி விட்டாங்க."

தினசரி மடிக்கு வந்துவிட்டது.

"அண்ணா, ஷோரூம்ல உன் காலுக்காகன்னு சொன்னேன் பாரு, அது பொய். என் முதுகுக்காக. ஒரு வருஷமா எனக்கு முதுகு போச்சு. யார்கிட்டயும் சொல்லல. வயசாயிருச்சுன்னு ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு. உன் பேரைச் சொன்னா எனக்குக் கௌரவம் மிச்சம்."

அண்ணன் அவளையே பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். சமையலறையிலிருந்து அண்ணி எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தான். "அடிப்பாவி. நான் என்னவோ தியாகி தங்கச்சின்னு நெனச்சு ஒரு வாரமாத் தூங்காம உருண்டேன்."

"ஆமா, நீ மட்டும் ஏன் அந்த மாடலைத்தான் எடுக்கணும்னு ஒத்தக் கால்ல நின்ன?"

"ஒத்தக் கால்லதான நிக்க முடியும்" என்றான் அண்ணன். சிரிப்பு மெதுவாக அடங்கியது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "உனக்காகன்னு சொன்னேன். அதுவும் பொய்தான். வாரத்துல ஒரு நாள், அந்த மேட்டுல, நான் வண்டி ஓட்டுறேன் சுண்டு. பக்கத்து சீட்டுல இருந்தாலும் ஓட்டுறேன். அது போயிரும்ல."

"அதுலயும் கியர் இல்லண்ணா. ஆட்டோமேட்டிக்."

"கியரே இல்லையா?"

"மூணுலயும் இல்ல. நம்மளுதுதான் கடைசி."

அண்ணி மூன்று டம்ளர் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். "ஒரு வண்டிக்கு அண்ணனும் தங்கச்சியும் ஆளுக்கொரு பொய் சொல்லியிருக்கீங்க. அப்ப எந்த வண்டின்னுதான் முடிவு?" என்றாள்.

"பீரோதான்" என்றான் அண்ணன்.

தீப்பெட்டியை ஒப்படைப்பதற்கு முந்தின நாள் சுண்டு விடுப்பு எடுத்தாள். காலையிலேயே அண்ணனை ஏற்றிக்கொண்டு, பயிற்சி நிலையத்தையும் தாண்டி, நீர்த்தேக்கத்துக்குப் போகும் மலைப்பாதையில் விட்டாள். வார நாள், பாதை காலியாகக் கிடந்தது. கண்ணாடிகளை இறக்கிவிட்டார்கள். வளைவுக்கு வளைவு அவள் கால் கிளட்சில் இறங்க, அவன் கை மூன்றிலிருந்து இரண்டுக்கும் இரண்டிலிருந்து மூன்றுக்கும் போய் வந்தது. தீப்பெட்டி பாறைச் சுவரில் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு ஏறியது. இரண்டு பேரும் நிறைய நேரம் சின்னப் பிள்ளைகள் மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேலே தண்ணீரைப் பார்த்த மாதிரி நிறுத்தினார்கள். இன்ஜின் சூடு ஆறும் சத்தம் டிக் டிக் என்று கேட்டது.

"சுண்டு, அப்பா முதல்ல வண்டிய எப்படி நிறுத்துவாரு, ஞாபகம் இருக்கா?"

"மூக்கைச் சுவருக்குக் கொடுத்து. நாம பின்னாடி தள்ளி, கேட்டுல திருப்பி, உயிர் போயிரும்."

"அப்புறம் கொஞ்ச நாள்ல?"

சுண்டு யோசித்தாள். சுவரைப் பார்த்து நின்ற வெள்ளை வண்டி ஞாபகம் வந்தது. பிறகு தெருவைப் பார்த்து நின்ற வண்டியும் வந்தது. பிரேக்கை விட்டால் போதும், சரிவில் தானாக உருளும்.

"திருப்பி நிறுத்த ஆரம்பிச்சாரு."

"அவரு வாழ்க்கையிலயே எந்த வண்டியையும் ரிவர்ஸ்ல உள்ள விட்டதில்ல. ரிவர்ஸ்னாலே அவருக்குக் கழுத்து வலிக்கும். எதுக்கு அந்தப் பாடு பட்டாரு? ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு இருக்கும்போது எனக்கு இதுதான் ஓடிட்டு இருந்துச்சு. நாம தள்ளக் கஷ்டப்படறோம்னு..."

"அப்ப அந்தக் குறட்டை?"

"எனக்கென்னவோ அந்தக் குறட்டை மேலயே இப்ப சந்தேகம்."

பள்ளிக்கூடங்களை நடுநடுங்க வைத்த மனிதர், ஞாயிற்றுக்கிழமை மதியம் கண்ணை மூடிக்கொண்டு, வாசலில் பிள்ளைகள் தன் வண்டியைத் திருடிக்கொண்டு போகும் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே குறட்டை விட்டிருக்கிறார். அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள இனி வழியில்லை. ஆனாலும் அவள் அதை அப்படியே நம்பினாள். அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். வெகு நேரம் துடைத்தான்.

மறுநாள் லீஸ் கம்பெனி ஆள் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து, கொட்டாவி விட்டுக்கொண்டே கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஏறி ஓட்டிப் போனார். சுண்டு தெருவில் நின்று கேட்டாள். முதல் கியர், இரண்டாவது, முனையில் திரும்பி மூன்றாவது. இன்னும் கொஞ்சம் பொறுத்து மாற்றியிருக்கலாம் என்று தோன்றியது. அப்புறம் பஸ் ஒன்று வந்தது, ஒன்றும் கேட்கவில்லை. கணவர் வந்து பக்கத்தில் நின்றார். பூச்சியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அவள் தோளைத் தட்டிக்கொடுத்து உள்ளே அழைத்துப் போனார்.

புது வண்டி வெள்ளையும் இல்லாத, நீலமும் இல்லாத ஏதோ ஒரு நிறத்தில் வந்து சேர்ந்தது. சனிக்கிழமை அண்ணன் வீட்டு வாசலில் அதை நிறுத்தியபோது, வந்ததே யாருக்கும் தெரியவில்லை. ஹாரன் அடிக்க வேண்டியிருந்தது. அண்ணன் கைத்தடியோடு வந்து, மேலும் கீழும் பார்த்து, "பீரோன்னா பீரோதான்" என்றான். கதவைத் திறந்தான். பின்பக்கமாகத் திரும்பி சீட்டில் உட்கார்ந்தான். கையால் வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தான். கதவைச் சாத்திக்கொண்டான்.

சுண்டு இன்னும் கையை நீட்டியபடி குனிந்தே நின்றிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவனும் அவளைப் பார்த்தான். அவன் கைகள் பாதி எழும்பி, என்ன செய்வதென்று தெரியாமல், பெல்ட்டைத் தேடிப் போயின. நல்லதுதான் நடந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சுற்றிக்கொண்டு தன் பக்கம் வருவதற்குள் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"நானும் வரேன்" என்று குரல் கேட்டது. அண்ணி வீட்டைப் பூட்டிக்கொண்டு பின்கதவைத் திறந்து ஏறினாள். தீப்பெட்டியில் பின்னால் ஏற வேண்டுமானால் முன் சீட்டை மடக்கி, உடம்பையும் மடக்கி, பாம்பாட்டம் ஆட வேண்டும். அதனால் இந்தச் சனிக்கிழமைகள் எதிலும் அவள் வந்ததில்லை. இப்போது ராணி மாதிரி உட்கார்ந்து, "எவ்வளவு இடம்!" என்றாள். வழியெல்லாம் அவள்தான் பேசினாள். எந்த வீட்டில் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், எந்த மரத்தை வெட்டிவிட்டார்கள் என்று எதையும் விடவில்லை. மேட்டில் ஏறும்போது அண்ணனின் கை மடியிலேயே இருந்தது. வண்டி சத்தமே இல்லாமல் ஏறியது.

பயிற்சி முடிந்து அண்ணன் வெளியே வந்தபோது, நிலையத்துக்குப் பின்னால் இருந்த பெரிய வண்டி நிறுத்துமிடம் காலியாகக் கிடந்தது. அண்ணி ஏறாமல் நின்றாள்.

"இதுல கிளட்ச் கிடையாதுல்ல?"

"கிடையாது அண்ணி."

"கல்யாணமான புதுசுல உங்க அண்ணன் எனக்கு ஓட்டக் கத்துக் குடுக்கறேன்னு கூட்டிட்டுப் போனாரு. கிளட்ச்சை விடு, விடுன்னு அவர் கத்தின கத்துல நான் வண்டிய விட்டே இறங்கிட்டேன். அதோட சரி." அவள் கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். "கிளட்ச் இல்லேன்னா நான் ஓட்டுவேன்."

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அம்பத்தஞ்சு வயசுலயா?" என்றான் அண்ணன்.

"அம்பத்தஞ்சு ஆக இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. நீங்க கத்தாம பக்கத்துல உட்காருவீங்களா, மாட்டீங்களா?"

அண்ணன் கையை மார்பில் கட்டிக்கொண்டு, கத்த மாட்டேன் என்று தலையை ஆட்டினான். சுண்டு சாவியைக் கொடுத்தாள். சீட்டை முன்னால் தள்ளி, கண்ணாடியைச் சரி செய்து, எதை மிதித்தால் போகும், எதை மிதித்தால் நிற்கும் என்று காட்டிவிட்டு இறங்கிக்கொண்டாள்.

நிறுத்துமிடத்து ஓரத்துக் கட்டைச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து பார்த்தாள். வண்டி ஒரு குலுக்கலோடு கிளம்பி, நின்று, மறுபடியும் கிளம்பியது. மெதுவாக ஒரு வட்டம் போட்டது. தீப்பெட்டியின் உறுமல் இப்போது கேட்டால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது. அது இல்லாத அமைதியில் அண்ணனின் குரல் தெளிவாகக் கேட்டது. அவன் கத்தவில்லை. ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான், அண்ணி ஏதோ பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். இரண்டாவது வட்டத்தில் அண்ணி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அசைத்தாள். "ஸ்டீயரிங்கைப் பிடி, ஸ்டீயரிங்கை!" என்று அண்ணன் கத்திவிட்டான். வண்டி நிற்கவில்லை. மூன்றாவது வட்டத்துக்குத் திரும்பியது.